பெயர் மட்டும் மிஞ்சியவர்கள் – 9: ஸ்கோமாந்தின் நாட்டு வழியே

சென்ற இதழில் பழைய பிரஷ்யர்களின் கதையை முடித்தோம். அவர்களை அழித்தவர்களே அவர்கள் பெயரையும் எடுத்துச் சூடிக்கொண்ட கதை அது. இந்த இதழில் அவர்களுடைய கிழக்குப் பக்கத்துப் பங்காளிகள். ஜெர்மானியச் சிலுவை வீரர்கள் இவர்களைச் சுதோவியர் என்று எழுதினார்கள். கீவ் நகரத்துத் துறவிகளின் ஏடுகளில் யாத்வியாகர். உலகம் கற்றுக்கொண்ட பெயர் யோத்விங்கியர். தங்களைத் தாங்களே எப்படிச் சொல்லிக்கொண்டார்கள் என்று காட்ட அவர்கள் கையால் எழுதிய ஒரு வரி கூட இல்லை. இந்தத் தொடரில் மக்களை யோத்விங்கியர் என்றும் அவர்கள் நாட்டைச் சுதோவியா என்றும் எழுதுகிறேன்.

வழக்கமாக ஏடுகளிலிருந்து தொடங்குவோம்; இம்முறை சாலையிலிருந்து. யோத்விங்கியர் விட்டுப்போனதில் பெரும்பகுதி மண்ணாகவும் கல்லாகவும் ஏரிகளின் பெயராகவும் கிடப்பதால், அவர்கள் நாட்டைக் காரில் குறுக்கே கடப்பதுதான் இந்த வரலாற்றைப் படிக்க நல்ல வழி.

வார்சாவிலிருந்து வடகிழக்கே லிதுவேனியாவை நோக்கி ஓடும் நெடுஞ்சாலைக்கு 'வியா பால்டிகா' என்று பெயர். ஐரோப்பியச் சாலைக் கணக்கில் ஈ-67. எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றையும் மற்ற ஐரோப்பாவோடு தரைவழியே இணைக்கும் முதன்மைத் தடம் என்பதால் கனரக லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. இந்தச் சாலை போலந்தை விட்டு வெளியேறும் பகுதியைத்தான் இராணுவக்காரர்கள் 'சுவாவ்கி இடைவெளி' என்கிறார்கள். ஒரு பக்கம் ரஷ்யாவின் கலினின்கிராத், மறுபக்கம் பெலாரூஸ். நடுவே நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 65 கிலோமீட்டர் நிலம். அதை யாராவது மூடிவிட்டால் மூன்று பால்டிக் நாடுகளும் நேட்டோ கூட்டணியிலிருந்து தரைவழியில் துண்டிக்கப்பட்டுவிடும் என்பதால், 2014-இல் கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டதிலிருந்து பத்திரிகைகள் இந்தப் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதிவருகின்றன.

அந்தக் கட்டுரைகளில் யோத்விங்கியர் பெயர் வருவதில்லை. இத்தனை நாடுகளின் எல்லைகள் இந்தச் சின்ன நிலத்தில் ஏன் வந்து முட்டிக்கொள்கின்றன என்று கேட்டால், பதில் 1283-ஆம் ஆண்டில் இருக்கிறது. அந்த வருடம் ஒரு நாடு ஆளில்லாமல் ஆனது. ஆளில்லாத நிலத்தில்தான் அரசர்கள் எளிதாகக் கோடு போட முடியும்.

கோட்டின் முதல் அடையாளம் கிரயேவோ ஊரைத் தாண்டியதும் வருகிறது. ப்ரோஸ்த்கிக்குப் போகும் வழியில், போகுஷே என்ற கிராமத்துக்கு அருகில் ஒரு செங்கல் தூண். 1545-இல் கட்டியது. பிரஷ்யாவின் கோமகன் ஆல்பிரெக்ட்டும், போலந்து அரசர் வீட்டைச் சேர்ந்த இரண்டாம் சிகிஸ்முந்து ஆகஸ்தும் தங்கள் நிலங்கள் சந்திக்கும் இடத்தைக் குறிக்க நாட்டியது. பிரஷ்யா, லிதுவேனியா, போலந்து மூன்றின் எல்லைகளும் அங்கே கூடின. இன்று அது எந்த நாட்டின் எல்லையிலும் இல்லை; எல்லாப் பக்கமும் போலந்துதான்.

தூண் குறிப்பது அதற்கும் முந்தைய ஓர் எல்லைக்கோட்டைத்தான். 1422-இல் மெல்னோ ஏரிக்கரையில் ஜெர்மானியச் சிலுவை வீரர்களின் தியூட்டானிக் சபையும் போலந்து-லிதுவேனியா கூட்டணியும் சமாதானம் செய்துகொண்டபோது, சுதோவியா என்ற பெரும் வனாந்தரத்தை இரண்டாக வகிர்ந்தார்கள். மேற்குப் பாதி சபைக்கு, கிழக்குப் பாதி லிதுவேனியாவுக்கு. அந்தக் கோடு சின்னச் சின்ன மாற்றங்களோடு 20-ஆம் நூற்றாண்டு வரை நின்றது. ஐரோப்பாவில் ஐந்நூறு வருடம் தாங்கிய எல்லைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1914-இல் ரஷ்யப் பேரரசும் ஜெர்மனியும் மோதிக்கொண்டதும் இந்தக் கோட்டின் மேல்தான். யோத்விங்கியர் இருந்திருந்தால் அந்தக் கோடு வேறெங்காவது விழுந்திருக்கும்.

கோட்டுக்கு மேற்கே உள்ள முதல் நகரம் எவ்க். 1945 வரை ஜெர்மனியில், லிக் என்ற பெயரில் இருந்தது. கிழக்கே ஆகுஸ்தூவும் சுவாவ்கியும் வேறு வேறு அரசர்களின் கீழ் வளர்ந்தவை. எவ்க்கிலிருந்து சுவாவ்கிக்குக் காரில் ஒரு மணி நேரம்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் லூத்தரன்கள் கட்டிய சிவப்புச் செங்கல் தேவாலயங்கள் பின்னால் போய், கத்தோலிக்க ஊர்கள் வந்துவிடுகின்றன. மக்கள் மாறிவிட்டார்கள், ஜெர்மானியர் அநேகமாக இல்லை. கட்டடங்கள் மட்டும் இன்னும் மெல்னோ உடன்படிக்கையை மதித்து நிற்கின்றன.

எவ்க்குக்குக் கிழக்கே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகினால் ஸ்கொமெந்த்னோ என்ற ஏரி. யோத்விங்கியத் தலைவன் ஸ்கோமாந்தின் பெயரைத் தாங்கிய ஏரி இது. அவன் கோட்டை கரையிலிருந்த மேட்டில் இருந்தது என்பது வட்டாரத்து நம்பிக்கை. ஸ்கோமாந்து ஒருவனா என்பதில்தான் வாசகர்கள் கவனமாக இருக்க வேண்டும். ஏடுகளில் இரண்டு பேர் வருகிறார்கள்.

முதலாமவனைப் பற்றிச் சொல்வது ஹாலிச்-வொலினியா நாளாகமம். இன்றைய மேற்கு உக்ரைனில், 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. இந்த ஸ்கோமாந்து ஒரு மந்திரவாதி, பறவைகள் பறக்கும் போக்கைப் பார்த்துக் குறி சொல்பவன், காட்டு விலங்கின் வேகத்தில் நடப்பவன். கால்நடையாகவே போய்ப் பின்ஸ்க் நாட்டைச் சூறையாடியவன். 1248-ஐ ஒட்டி நடந்த சண்டையில் கொல்லப்பட்டு, அவன் தலையைக் கழியில் குத்தி நிறுத்தினார்கள். எழுதிய துறவிக்கு அவன் மீது அளவில்லாத வெறுப்பு, கூடவே கொஞ்சம் பிரமிப்பும் இருந்திருக்கிறது. வெறுத்த ஒருவனின் நடைவேகத்தைக்கூட எழுதிவைக்கத் தோன்றியிருக்கிறதே!

இரண்டாம் ஸ்கோமாந்து முப்பது வருடம் கழித்து வருகிறான். அவனிடம் பிறகு வருவோம்.

யோத்விங்கியருக்கு அரசன் இல்லை. தலைநகரம் இல்லை. ஏரிகளுக்கு நடுவே மேடான இடங்களில் மண்ணும் மரமும் கொண்டு கட்டிய காவல் கோட்டைகள், அவற்றைச் சுற்றிக் குடியிருப்புகள், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தலைவன். இரண்டாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்து உலகப் படம் எழுதிய தாலமி, காலிந்தாய், சூதினோய் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இனங்களைக் குறிக்கிறார். சூதினோய் என்பவர்கள் சுதோவியர்தான் என்று ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கிறார்கள். ஆக, ஆயிரம் வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தவர்கள். அந்த ஆயிரம் வருடத்தில் அரசன் இல்லாதது அவர்களுக்கு ஒரு குறையாகத் தெரிந்திருக்காது. 13-ஆம் நூற்றாண்டில் நாலு பக்கமும் அரசுகள் எழுந்தபோது அதுவே குறையானது.

983-இல் கீவ் அரசர் விளாதிமிர் அவர்கள் மீது படையெடுத்தார். அப்போது அவர் கிறித்துவர் ஆகியிருக்கவில்லை. வென்று திரும்பிய களிப்பில் தெய்வங்களுக்கு நரபலி கொடுத்ததாகவும், பலியானவர்கள் கீவில் வாழ்ந்த ஒரு கிறித்துவத் தந்தையும் மகனும் என்றும் ருஷ்ய நாளாகமம் சொல்கிறது. ஐந்து வருடத்தில் அதே விளாதிமிர் ஞானஸ்நானம் பெற்றார். அதன் பிறகு யோத்விங்கியர் மீது வந்த படைகளெல்லாம் சிலுவையோடு வந்தன.

அவர்கள் ஒன்றும் சாதுவான மக்கள் அல்ல. போலந்திலும் வொலினியாவிலும் புகுந்து கொள்ளையடிப்பதும் ஆட்களைப் பிடித்துப்போவதும் அவர்கள் வாழ்க்கை முறையில் ஒரு பகுதி. பக்கத்து அரசர்களும் அதையேதான் செய்தார்கள்; அவர்களிடம் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். 1253-இல் ஹாலிச்சின் தானிலோ, போப்பின் தூதர் கையால் த்ரோஹிசினில் அரசராக முடிசூடிக்கொண்டார். அதுவும் யோத்விங்கியர் மீது படையெடுத்துப் போகும் வழியில். மறுவருடம் ராசியாங் என்ற ஊரில் தானிலோவும், மசோவியாவின் கோமகன் செமோவித்தும், தியூட்டானிக் சபையும் கூடி, யோத்விங்கியர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்த இரண்டு பேருக்கு, மீதி சபைக்கு என்று பத்திரம் எழுதிக்கொண்டார்கள். எழுதியபோது அந்த நிலத்தில் பெரும்பகுதி மூவர் கையிலும் இல்லை. 1264-இல் போலந்தின் போலஸ்லாவ் இன்னொரு போரில் கோமாத் என்ற தலைவனைக் கொன்றார்.

இவற்றையெல்லாம் விட என்னை நிறுத்திவைப்பது 1279-ஆம் ஆண்டுக் குறிப்பு. அந்த வருடம் பஞ்சம். ருஷ்ய நாடுகளிலும் போலந்திலும் லிதுவேனியாவிலும் யோத்விங்கியர் நாட்டிலும் பசி. யோத்விங்கியர் தங்கள் பழைய எதிரியான வொலினியாவின் விளாதிமிர் வசில்கோவிச்சிடம் தூது அனுப்பினார்கள். எங்களைக் கொல்லாமல் காப்பாற்று, தானியம் விற்பனைக்கு அனுப்பு. மெழுகு வேண்டுமா, அணில் தோல் வேண்டுமா, பீவர் தோலா, கருங்கீரித் தோலா, வெள்ளியா, எதைக் கேட்டாலும் தருகிறோம் என்பது தூதின் சாரம். அவர்களிடம் என்னென்ன சரக்கு இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல பட்டியல் நமக்குக் கிடைக்கவில்லை. காட்டுப் பொருள்கள்தான் அவர்கள் செல்வம்.

விளாதிமிர் மனமிரங்கினார். பெரெஸ்தியே நகரிலிருந்து, அதாவது இன்றைய ப்ரெஸ்தியிலிருந்து, படகுகளில் தானியம் ஏற்றிப் பூக் நதியில் கீழே விட்டு, நாரெவ் நதியில் மேல்நோக்கி அனுப்பினார். புவ்துஸ்க் ஊருக்கு அருகில் இரவில் படகுகளை நிறுத்தித் தூங்கியவர்களை யாரோ வெட்டிக் கொன்று, தானியத்தை எடுத்துக்கொண்டு, படகுகளை மூழ்கடித்துவிட்டார்கள். ஊர் மசோவியாவின் கோமகன் கொன்ராதுக்கு உரியது. விளாதிமிர் கேட்டபோது தனக்குத் தெரியாது என்று கொன்ராது சொன்னார். அதிலிருந்து இருவருக்கும் ஒரு தனிச் சண்டை தொடங்கியதை நாளாகமம் விரிவாக எழுதுகிறது. பசித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. இதற்கு நாலு வருடத்தில் யோத்விங்கியர் நாடு முடிந்தது. தியூட்டானிக் வீரர்களின் வாளை மட்டும் சொல்லி இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் படகுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சாலைக்குத் திரும்புவோம். சுவாவ்கி நகரம் அழகானது என்று சொல்ல மாட்டேன். 19-ஆம் நூற்றாண்டு ரஷ்ய நிர்வாகத்தின் நேர்த்தெருக்கள், போலந்திலேயே அதிகக் குளிர் அடிக்கும் நகரம் என்ற பெயர், திரைப்பட இயக்குநர் ஆந்த்ரெய் வாய்தா பிறந்த ஊர் என்ற பெருமை. அங்கிருந்து வடக்கே யெலெனியெவோ சாலையில் சில கிலோமீட்டர் போனால் ஷ்வைத்சாரியா கிராமம் வருகிறது. சாலையை ஒட்டிய மரங்களுக்குள்ளே யோத்விங்கியர் மூதாதையரின் புதைமேடுகள்.

மேடு என்றதும் பிரமிடு போல எதையாவது எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். இடுப்பளவு, முழங்காலளவு உயரம்; புல்லும் மரவேரும் மூடிய வட்டங்கள். உள்ளே கல் பாவியது. 1950-களில் யெர்சி அந்தோனியெவிச் தலைமையில் தொல்லியலாளர்கள் இங்கே தோண்டினார்கள். போருக்குப் பின் போலந்தில் யோத்விங்கியர் ஆய்வுக்கென்றே ஒரு தனிக் குழு செயல்பட்ட காலம் அது. ரோமானியப் பேரரசு இருந்த காலத்திலும் அதை அடுத்தும் புதைத்தவர்கள் இவர்கள். ஒரு மேட்டில் வாளோடும் ஈட்டியோடும், அலங்காரக் கடிவாளம் பூட்டிய குதிரையோடும் ஒரு வீரன் கிடந்தான். 'இளவரசன் கல்லறை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிடைத்தவற்றைச் சுவாவ்கி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ரோமானிய எல்லையிலிருந்து இவ்வளவு தொலைவில் இப்படிப்பட்ட பொருள்கள் என்றால், பால்டிக் கரையிலிருந்து தெற்கே போன அம்பர் வணிகத்தின் லாபம் உள்நாட்டுக் காடு வரை கசிந்திருக்கிறது.

பிற்காலத்து யோத்விங்கியர் கல்லறைகளை நெடுங்காலம் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. 11-ஆம் நூற்றாண்டை ஒட்டி, எரித்த எலும்பையும் உருகிய நகைகளையும் குழி தோண்டாமல் நிலத்தின் மேலேயே கற்களுக்கிடையில் பரப்பிவிடுவது வழக்கமாகியிருந்தது. உழவுக்கு அது தாங்குமா? கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து வயலோடு கலந்துபோயின. மிஞ்சிய ஓர் இடம் நம் வழியில்தான் இருக்கிறது: ஷுர்பிவி.

யெலெனியெவோவைத் தாண்டி மேற்கே திரும்பினால் நிலம் சட்டென்று மாறுகிறது. பனிக்காலத்துப் பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுப்போன குன்றுகள், பள்ளங்கள், எங்கு பார்த்தாலும் பெரும்பாறைகள். போலந்து தன் முதல் நிலக்காட்சிப் பூங்காவை 1976-இல் இங்கேதான் அறிவித்தது. நாட்டின் மிக ஆழமான ஏரியான ஹாஞ்சா, நூறு மீட்டருக்கு மேல் ஆழம் கொண்டது, இந்தப் பூங்காவில்தான். ஷுர்பிவியில் கோட்டைக் குன்று என்று அழைக்கப்படும் மேட்டைச் சுற்றி நாலு பக்கமும் ஏரிகள். மேலே ஏறுவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக மண்மதில் வரிசைகளைக் கடக்க வேண்டும். குன்றின் அடியில் குடியிருப்பு, ஏரிக்கு அந்தப் பக்கம் எரித்த எலும்பைப் பரப்பிய இடுகாடு. நிலத்தைத் தெரிந்தவர்கள் தேர்ந்தெடுத்த இடம் என்பது மேலே நின்றால் உடனே தெரியும். எதிரி எந்தத் திசையில் வந்தாலும் முதலில் தண்ணீரைத்தான் சந்திக்க வேண்டும்.

ஒரே ஒரு குறை. யோத்விங்கியரின் எதிரிகள் குளிர்காலத்தில் வந்தார்கள். ஏரியும் சதுப்பும் உறைந்த பிறகு படைக்கு அவையே நெடுஞ்சாலை. ஹாலிச் அரசர்களும் தியூட்டானிக் வீரர்களும் பனிக்காலப் படையெடுப்பை விரும்பியது இதனால்தான். கோடையில் அரணாக இருந்தது மார்கழியில் பாலமானது.

இனி இரண்டாம் ஸ்கோமாந்து. நமக்குச் சொல்பவர் துஸ்பர்க் ஊர்க்காரர் பீட்டர். தியூட்டானிக் சபையின் பாதிரியார். 1326-இல் சபையின் வரலாற்றை எழுதி முடித்தவர். வென்றவர் பக்கத்துக்காரர், அற்புதங்களை நம்புகிறவர், எண்ணிக்கைகளைத் தாராளமாகப் போடுகிறவர். ஆனால் அவரை விட்டால் வேறு சாட்சி இல்லை. பிரஷ்யர்களின் பெருங்கிளர்ச்சி 1274-இல் அடங்கியதும், சபைக்கு மீதி இருந்த ஒரே எதிரி சுதோவியா. 1277-இல் ஸ்கோமாந்து படை திரட்டிக்கொண்டு சபையின் குல்ம் நாட்டுக்குள் புகுந்து சூறையாடினான். பதிலுக்குச் சபை வருடம் தவறாமல் வந்து ஊர்களைக் கொளுத்தியது.

அந்தப் போரின் நடுவே துஸ்பர்க் ஒரு விசித்திரமான நட்பைச் சொல்கிறார். லிபென்செல் ஊர் லுத்விக் என்ற சபைவீரர் ஸ்கோமாந்திடம் சிறைப்பட்டார். இருவரும் ஒரே மாதிரி முரட்டுத் துணிச்சல்காரர்கள் என்பதால் ஸ்கோமாந்துக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஒரு விருந்துக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு பெருந்தலை லுத்விக்கை வாய்க்கு வந்தபடி ஏசினான். இப்படி அவமானப்படத்தான் என்னைக் கூட்டிவந்தாயா என்று லுத்விக் கேட்க, உனக்குத் தைரியம் இருந்தால் பழிதீர்த்துக்கொள், நான் துணையிருக்கிறேன் என்றான் ஸ்கோமாந்து. லுத்விக் வாளை உருவி ஏசியவனை வெட்டிப்போட்டார். பிறகு ஸ்கோமாந்தின் வேலைக்காரன் ஒருவன் துணையோடு தப்பினார். சபையின் எழுத்தாளர் இதை வீரக்கதையாகத்தான் சொல்கிறார். எனக்கு இதில் தெரிவது வேறு: தலைவர்களுக்குள் ஒற்றுமை எந்த அளவில் இருந்தது என்பது. தன் இனத்துப் பெருந்தலையை எதிரி வெட்டுவதற்கு ஒரு தலைவன் அனுமதி கொடுக்கிறான்.

லுத்விக் இன்னொரு முறை பிடிபட்டார். இம்முறை காந்தேகெர்தா என்ற தலைவனின் பொறுப்பில் விட்டார்கள். சிறையாளி காவலனைப் பேசி மசியவைத்தார். காந்தேகெர்தா ஆணும் பெண்ணுமாக 1,600 பேரைக் கூட்டிக்கொண்டு சபையிடம் போய் ஞானஸ்நானம் பெற்றான். சபை அவர்களை அவர்கள் மண்ணில் விட்டுவைக்கவில்லை. மேற்கே கடற்கரையில், சாம்பியா தீபகற்பத்தின் மூலையில் கொண்டுபோய்க் குடியேற்றியது. யேதேத்து என்ற மற்றொரு தலைவன் 1,500 பேரோடு சரணடைந்தான் என்கிறார் துஸ்பர்க்.

ஸ்கோமாந்து அவ்வளவு சீக்கிரம் பணியவில்லை. ஆட்களோடு ருஷ்ய நாட்டுக்குப் போனான், அலைந்தான், திரும்பி வந்தான், கடைசியில் குடும்பத்தோடு ஞானஸ்நானம் ஏற்றான். அடுத்த வருடமே சபையின் படைக்கு வழிகாட்டியாகக் க்ரோத்னோ மீது போனான் என்று அதே ஏடு சொல்கிறது. 1285-இல் அவனுக்கும் மூன்று மகன்களுக்கும் சபை நிலம் எழுதிக்கொடுத்தது. சுதோவியாவில் அல்ல, பிரஷ்யாவில். அவனைத் துரோகி என்பதா, தன் வீட்டாரை உயிரோடு காப்பாற்றியவன் என்பதா? இன்றைய லிதுவேனியர்களும் போலந்துக்காரர்களும் அவனை வீரனாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள், ஏரிக்குப் பெயராக.

மூன்றாவது ஒரு வழியைத் தேர்ந்தவன் ஸ்குர்தோ. மதமும் மாறவில்லை, சரணும் அடையவில்லை. 1283-இல் மீதமிருந்த மக்களைத் திரட்டிக்கொண்டு லிதுவேனியாவுக்குள் போய்விட்டான். துஸ்பர்க் அத்தோடு கணக்கை முடிக்கிறார்: பிரஷ்யப் போர் தொடங்கி 53 வருடத்தில் முடிந்தது, சுதோவியா இன்றுவரை பாழாகக் கிடக்கிறது. அடுத்த பக்கத்திலேயே லிதுவேனியப் போர் தொடங்குகிறது.

கொல்லப்பட்டவர் போக, மேற்கே பெயர்த்து வைக்கப்பட்டவர்கள், கிழக்கே ஓடியவர்கள் என்று யோத்விங்கியர் பிரிந்துபோனார்கள். நாடு காடானது. சபைக்கும் லிதுவேனியாவுக்கும் அந்தக் காடு வசதியாகவே இருந்தது. இரு தரப்புப் படைகளும் அதைக் கடந்துதான் மற்றவர் ஊரைக் கொளுத்தப் போக வேண்டும் என்பதால் அது ஒரு வேலி. மெல்னோவில் கோடு போட்ட பிறகும் நூறு வருடத்துக்கு மேல் அங்கே வேடர்களும் தேன் எடுப்பவர்களும் அரசர்களின் வேட்டை மாளிகைகளும்தான். 1667-இல் அரசர் யான் காசிமிர் விக்ரி ஏரிப் பகுதியைக் கமால்தோலி துறவிகளுக்குக் கொடுத்தார். அவர்கள் மடம் கட்டினார்கள், குடியானவர்களைக் கொண்டுவந்தார்கள், சுவாவ்கி என்ற கிராமத்தையும் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய நகரம். யோத்விங்கியர் போய் நானூறு வருடம் கழித்து.

வடக்கே விஷாய்னி வழியாகப் போனால் போல்சியே என்ற இடத்தில் மூன்று நாடுகள் சந்திக்கும் கல் நிற்கிறது: போலந்து, லிதுவேனியா, ரஷ்யா. பக்கத்தில் விஷ்திதிஸ் ஏரி. கல்லைச் சுற்றி வந்து ரஷ்யப் பக்கத்தில் கால் வைத்துப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அபராதம் காத்திருக்கிறது. எல்லைக் காவலர்களுக்கு அதில் நகைச்சுவை உணர்வு கிடையாது. கிழக்கே பூன்ஸ்க். போலந்துக்குள் இருந்தும் மக்களில் பெரும்பாலோர் லிதுவேனியர். அதையொட்டிய ஓஷ்கினியே கிராமத்தில் மரத்தால் ஒரு பழங்காலக் குடியிருப்பை மீண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள். தொல்லியல் துல்லியத்தை அங்கே தேட வேண்டாம். அழிந்துபோன உறவினருக்கு வாழும் உறவினர் கட்டிய நினைவுமனை என்று எடுத்துக்கொண்டால் போய்ப் பார்க்கலாம்.

யோத்விங்கியர் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆட்பெயர்கள், ஏரிப்பெயர்கள், நதிப்பெயர்கள் தவிர எதுவும் எஞ்சவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1978-இல் பெலாரூஸில், பியவோவியெஜா காட்டின் ஓரத்துக் கிராமம் ஒன்றில் ஓர் இளைஞர் ஒரு முதியவரிடமிருந்து பழைய கையெழுத்துப் பிரதியை வாங்கினார். 'நாரெவ் பகுதியின் அஞ்ஞானிகள் பேச்சு' என்று போலிஷ் மொழியில் தலைப்பு. உள்ளே இருநூற்றுச் சொச்சம் சொற்கள். அவர் இராணுவ சேவைக்குப் போயிருந்தபோது, பழைய குப்பைகளைச் சேர்க்கும் அவர் பழக்கம் பிடிக்காத பெற்றோர் அதை ஒழித்துவிட்டார்கள். நல்லவேளையாக அவர் முன்பே சொற்களைத் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தார். 1983-இல் வில்னியூஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். மொழியியலாளர் சிக்மாஸ் சின்கேவிச்சியூஸ் அதை ஆராய்ந்து வெளியிட்டார். அது யோத்விங்கிய மொழியா, வேறு கலப்பு வழக்கா என்ற விவாதம் ஓயவில்லை. மூலப்பிரதி இல்லாத நிலையில் ஓயவும் போவதில்லை. என் வரையில், ஒரு மொழியின் முழு வழக்கும் ஓர் இளைஞரின் நோட்டுப் புத்தகத்தை நம்பி நிற்கிறது என்பதே 1283 எவ்வளவு முழுமையாக நடந்தது என்பதற்குச் சான்று.

புத்ஜிஸ்கோவில் எல்லையைக் கடந்தால் காரை நிறுத்தும் ஆள் பெரும்பாலும் இல்லை. கல்வாரியா, பிறகு மரியாம்போலே. லிதுவேனியர் இந்தப் பகுதியைச் சுவால்கியா என்றும் சொல்கிறார்கள், சூதுவா என்றும் சொல்கிறார்கள். முதல் பெயர் 1867-இல் ரஷ்யர்கள் அமைத்த சுவாவ்கி மாகாணத்திலிருந்து வந்தது. இரண்டாவது நம் யோத்விங்கியர் பெயர். எது சரி என்ற வாதம் அங்கே இன்றும் சூடாகவே நடக்கிறது. மரியாம்போலேயின் கால்பந்து அணி சூதுவா என்ற பெயரில் ஆடுகிறது.

காலியான இந்த நிலத்தில் பின்னால் குடியேறியவர்கள் லிதுவேனிய உழவர்கள். 1807-இல் நெப்போலியன் ஏற்படுத்திய வார்சா ஆட்சியில் இந்தப் பகுதியில் பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. மற்ற லிதுவேனியாவுக்கு அது 1861-இல்தான் கிடைத்தது. கால் நூற்றாண்டல்ல, அரை நூற்றாண்டு முன்னதாகவே காலூன்றிய உழவர் வீடுகள் பிள்ளைகளைப் படிக்க அனுப்பின. லிதுவேனியத் தேசிய இயக்கத்தின் தந்தை யோனாஸ் பசனாவிச்சியூஸ், தேசிய கீதம் எழுதிய வின்சாஸ் குதிர்கா, இலக்கணம் வகுத்த யோனாஸ் யப்லோன்ஸ்கிஸ் மூவரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். இன்று பள்ளிகளில் கற்பிக்கும் லிதுவேனிய மொழி இந்த வட்டாரப் பேச்சை அடிப்படையாகக் கொண்டது. ஒரு பால்டிக் மொழி செத்த இடத்தில் அதன் தங்கை மொழி தன் பொது வடிவத்தைக் கண்டுகொண்டது.

கோடு போடுகிறவர்கள் மட்டும் ஓயவில்லை. 1939-இல் ஸ்டாலினும் ஹிட்லரும் ஐரோப்பாவைப் பங்கிட்டபோது மரியாம்போலேயைச் சேர்ந்த ஒரு பட்டை நிலம் ஜெர்மனியின் பங்கில் வந்தது. சோவியத் படை அதையும் சேர்த்தே பிடித்துக்கொண்டது. பிறகு பேரம் நடந்தது. 1941 ஜனவரி 10-ஆம் தேதி அந்தப் பட்டைக்கு 75 லட்சம் தங்க டாலர் விலை என்று சோவியத் யூனியன் ஒப்புக்கொண்டது. ராசியாங்கில் தானிலோ செய்ததற்கும் இதற்கும் நடைமுறையில் பெரிய வேறுபாடில்லை. விற்ற ஜெர்மானியர்கள் ஐந்தரை மாதம் கழித்து டாங்கிகளோடு வந்து அதே நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இந்தச் சாலையில் போக விரும்பும் வாசகர்கள் ஷெங்கன் விசாவோடு போலந்திலும் லிதுவேனியாவிலும் தாராளமாகச் சுற்றலாம். ஷுர்பிவிக் குன்றில் ஏற மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். காந்தேகெர்தாவோடு போன 1,600 பேர் குடியேறிய சாம்பியா இப்போது ரஷ்யாவில் இருக்கிறது. சுதோவியர் மூலை என்று பெயர் பெற்ற அந்தக் கடற்கரையில், ஞானஸ்நானம் பெற்ற பிறகும் முந்நூறு வருடம் அவர்கள் ரகசியமாக ஆட்டுக்கடா பலியிட்டு வந்ததை ஜெர்மானியப் பாதிரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை அடுத்த இதழில் பார்ப்போம்.